நீல எழுத்துக்குப் பின்னால்

இணையப் பத்திரிகை ஒன்றில் அவளுக்கு வேலை. கட்டுரைகளில் ஆதாரமாகக் கொடுக்கும் இணைப்புகளைத் திறந்து, சொன்னது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள்.

அன்று வந்த கட்டுரையை எழுதியவன் அவளுடைய சொந்த அண்ணன். 'பேருந்து விபத்துகளுக்கு ஓட்டுநர்களின் கைப்பேசியே காரணம்: ஆய்வு' என்று தலைப்பு. 'ஆய்வு' நீல எழுத்தில் இருந்தது. திறந்து கடைசிவரை படித்தாள். கைப்பேசி பெரிய காரணமே இல்லையாம். ஓய்வு தராமல் வண்டி ஓட்டவைப்பதுதான் காரணம் என்று அறிக்கை அடித்துச் சொன்னது.

நேரே அண்ணனிடம் போனாள்.

"இத நீ படிச்சியாண்ணா?"

"எங்க நேரம்? பஸ் கம்பெனி அனுப்பின குறிப்புல இருந்துச்சு."

"கம்பெனிக்காரன் சொன்னதுக்கு ஆய்வுன்னு பேரு வச்சிட்டியா?"

சத்தம் கேட்டு ஆசிரியர் எழுந்து வந்தார். "லிங்க் இருக்குல்லம்மா? அப்புறம் என்ன?"

"லிங்க் இருக்கு சார். நாம சொல்ற விஷயந்தான் அதுல இல்ல."

"யாரு போய் அழுத்திப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

ஆசிரியரின் முகம் சிவந்தது. "நீ விடலன்னா நானே போட்டுக்கிறேன்."

"போடுங்க. சரிபார்த்தவர்னு என் பேரு இருக்காது. யாராச்சும் ஏன்னு கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

கட்டுரை வெளியானது. அண்ணன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தாள்.

"என்னடி, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் அம்மா.

"உன் பையனக் கேளு."

அவன் அறிக்கையைக் கைப்பேசியில் திறந்துகொண்டு மூலையில் உட்கார்ந்தான். சாப்பாடு ஆறியது. எழுந்து வந்தவன் ஆசிரியரை அழைத்தான்.

"என் பேரையும் எடுத்துடுங்க சார். நான் எழுதினது தப்பு."

மறுமுனையில் கத்தல் அவளுக்கே கேட்டது. அண்ணன் அசையவில்லை. எழுதியவன் பெயரும் இல்லை, சரிபார்த்தவள் பெயரும் இல்லை என்றானதும், ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுரையைத் தளத்திலிருந்து நீக்கினார்.

மறுநாள் ஓட்டுநர்களின் ஓய்வு பற்றி அண்ணன் புதிதாக எழுதி அனுப்பினான். அவள் ஒவ்வொரு இணைப்பாகத் திறந்தாள். ஓர் இடத்தில் ஓட்டுநர் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தான். அதை அவனிடம் காட்டினாள்.

"அண்ணன்னு கொஞ்சமாச்சும் இரக்கம் இருக்கா உனக்கு?"

"இல்ல. திருத்தி அனுப்பு" என்று திருப்பி அனுப்பினாள்.