பிரேக்குக்கு இரண்டு விரல் கீழே

பந்தய வண்டி மூன்றாவது தடவையாகச் சுழன்று புல்தரையில் போய் நின்றதை மெக்கானிக் ஷெட் வாசலிலிருந்து பார்த்தார். ஓட்டியது அவர் மனைவி. வண்டியைத் தயார் செய்தது அவர். தப்பு இரண்டு பேரில் ஒருவருடையது.

வண்டி திரும்பி வந்ததும் அதன் முதலாளி பைனாகுலரை இறக்கிவிட்டு வாட்சைப் பார்த்தார். "நாலு மணிக்கு இன்னும் ஒரே ஒரு ரவுண்டும்மா. அதுலயும் சுத்துச்சுன்னா ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வேற ஆளைத்தான் ஏத்தணும். தப்பா நினைக்காதீங்க."

ஏழு வருஷமாக அடுத்தவர்கள் ஜெயிக்கிற வண்டிகளைச் சோதனை ஓட்டம் மட்டுமே ஓட்டிக் கொடுத்தவள் அவள். பந்தயத்தில் இடம் என்று கிடைத்தது இதுதான் முதல் தடவை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

ஷெட்டுக்குள் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "வளைவுல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கியரைக் குறைக்கணும். அதே கால் ஓரத்தால ஆக்சிலரேட்டரையும் ஒரு தட்டு தட்டணும். அப்படி இன்ஜின் வேகம் ஏறினாத்தான் கிளட்சை விடும்போது பின்சக்கரம் இழுக்காது, வண்டி சுத்தாது. என் கால் அங்க போகவே மாட்டேங்குதுங்க."

"ரெண்டு பெடலும் ஒரே மட்டம். ஸ்கேல் வச்சு அளந்திருக்கேன். நானே உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்துச்சு."

"உங்க காலா அது? துடுப்பு! அந்த பூட்ஸோட ஏறினா மூணு பெடலையும் ஒண்ணா மிதிக்கலாம்."

டயர் கழற்றிக்கொண்டிருந்த அவள் தம்பி சிரித்தான். "ஒரு குடும்பமே குடியிருக்கலாம் அக்கா அதுல."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. டார்ச்சோடு தலையைப் பெடல்களுக்குப் பக்கத்தில் நுழைத்தார். "ஏறி மிதி, பாக்கலாம்."

"இன்ஜினை ஓடவிட்டு மிதிக்கறேன். வளைவுல எப்படி மிதிப்பேனோ அப்படி."

மிதித்தாள். பிரேக் பெடல் அவர் மூக்குக்கு நேராக இரண்டு விரல் உள்ளே இறங்கியது. ஆக்சிலரேட்டரோ படிக்கட்டு மாதிரி மேலே நின்றது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி தூங்கும்போது அளந்திருக்கிறார். ஓட்டுகிறவளுக்கு அந்த நேரத்தில் பிரேக் எப்போதும் இறங்கித்தானே இருக்கும்!

"என்னங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

"தப்பு என்னுதுதான்."

"இன்ஜின் சத்தத்துல கேக்கலை."

"தப்பு என்னுதுன்னேன்!"

"டேய், உனக்குக் கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுக்கா. நாள், நேரத்தோட குறிச்சு வச்சுக்கறேன்."

அதற்கு மேல் ரோஷம் பார்க்க நேரமில்லை. ஆக்சிலரேட்டரை இரண்டு விரல் இறக்கினார். அதன் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்து, மறுபடி மிதிக்கச் சொன்னார். அவள் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் சுண்டுவிரல் நுனியில் மட்டும் தூசி போல ஒரு வெள்ளை. அவ்வளவு சின்னக் கால்! பெடலை பிரேக் பக்கமாக ஒரு தகடு வைத்து அகலமாக்க வேண்டும். தகட்டை வெட்டுவதற்கு முன் மாதிரி ஒன்று வேண்டுமே. அட்டை தேடினார், கிடைக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் கைக்கு எட்டியதை எடுத்து வெட்டினார், பொருத்திப் பார்த்தார், அதே அளவில் அலுமினியத் தகட்டை அறுத்துத் திருகி முடித்தார். மணி நாலடிக்க இரண்டு நிமிஷம்.

அவள் கடைசி ரவுண்டுக்குக் கிளம்பினாள். அவர் பார்க்கவில்லை. ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தார். வண்டி, முன்பு சுழன்ற அதே மூன்றாவது வளைவை நெருங்கியது. பிரேக் பிடித்தது. பிறகு இன்ஜின் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சின்ன உறுமல், உடனே இன்னொன்று. டயர் கீச்சிடவே இல்லை.

முதலாளி பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "ஞாயித்துக்கிழமை அவங்கதான். நீங்க இனிமே அந்தப் பெடல் பக்கமே போகாதீங்க, சொல்லிட்டேன்."

இறங்கி வந்தவளுக்கு வாயெல்லாம் பல். ஷூவைக் கழற்றிவிட்டு பெஞ்சுக்கு அடியில் துழாவினாள். "ஏங்க, இங்க விட்ட என் செருப்பு எங்க?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ஒரு செருப்பு முழுசாக இருந்தது. மற்றதில் முன்பக்கம் அந்தத் தகட்டு அளவில் சதுரமாக ஒரு ஜன்னல்.

அவள் திட்டவில்லை. அவர் பூட்ஸைக் கழற்ற வைத்து, அதில் கால்களை விட்டுக்கொண்டு, டபக் டபக்கென்று பஸ் நிறுத்தம் வரைக்கும் முன்னால் நடந்தாள். ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு, சரளைக்கல் மேல் சாக்ஸோடு துள்ளித் துள்ளி அவர் பின்னால் போனார்.