போட்டு வாங்கோ, அப்பா

நான் நிருசன். வயது இருபத்தைந்து. சுவிஸில், டீட்டிகோனில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மருந்தால் கை நடுங்குகிறது. அதனால் நான் வாயால் சொல்ல, போன் எழுதுகிறது. தங்கச்சி கிருசிகா, இதை அம்மாவுக்கு நீதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

செத்துப்போன அப்பாவின் குரல் எனக்குக் கேட்கிறது என்று சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டார். "என்னட்டையும் ஒருக்கா வரச் சொல்லு" என்றார். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதை நான் சொல்லவில்லை. வேலையில் பெட்டி அடுக்கும்போதும் ரயிலிலும் ஒரே பேச்சுத்தான்: "கொள்ளி வைக்க வராதவன் ஒரு பிள்ளையோ?" அகதி அனுமதியோடு ஊருக்கு வர முடியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் அதற்கு விளங்காது.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. கண்ணை முழுதாக மூடும் ஒரு கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் செய்த முகம் எதிரே வந்து உட்கார்ந்து, குரல் சொல்வதையே சொல்லும். பயப்படாமல் பதில் சொல்லிப் பழக வேண்டும். வழக்கமாக அந்த முகத்துக்காகப் பேசுவது டொக்டர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மொழிபெயர்க்க வரும் சிறீதரன் அண்ணையைப் பக்கத்து அறையில் மைக்கோடு இருத்தினார்கள். அவர் பேசியதைக் கம்ப்யூட்டர் அப்பாவின் தடித்த குரலாக மாற்றியது.

அப்பாவின் முகத்தைச் செய்த அன்று அண்ணை திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது கொப்பரோ, ரயிலிலை டிக்கெட் பாக்கிறவரோ?"

"கொஞ்சம் கறுப்பாக்கச் சொல்லுங்கோ அண்ணை. மீசையும் வேணும்."

"மீசையோடை ஆள் வடிவாத்தான் இருக்கிறார்."

கனநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

முதல் இரண்டு தரமும் கண்ணாடிக்குள் அப்பா கொள்ளியைப் பற்றிக் கேட்க, நான் தலை குனிந்தபடி இருந்தேன். மூன்றாம் தரம் வாய் திறந்தது.

"விட்டிருந்தா வந்திருப்பன் அப்பா. சித்தப்பான்ரை மகன் சயன் கொள்ளி வைச்சவன். அவனும் உங்கடை பிள்ளைதானே."

"சரி, எனக்கு விளங்குது" என்றது முகம். அப்படி இறங்கி வருவதுதான் திட்டம். கடைசியில் நான் அவரை அனுப்பிவிட வேண்டும். எழும்பி நின்று, "போட்டு வாங்கோ, அப்பா" என்றேன். வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவரிடம் போய் வரச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"வாறன் மோனை" என்றார் அப்பா.

டொக்டர் கைதட்டினார். பக்கத்து அறையிலிருந்து வந்த சிறீதரன் அண்ணையின் முகம் சரியாக இல்லை.

"வாய்ப் பழக்கத்திலை வந்திட்டுது தம்பி. செத்தவீட்டிலை ஆரும் வாறன் எண்டு சொல்லுறேல்லை. நான் சொல்லிப்போட்டன்."

"நானும்தானே அண்ணை வாங்கோ எண்டு கூப்பிட்டனான்."

இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வந்திட்டன் மோனை" என்று கேட்டது. இப்போது திட்டுவதில்லை. திட்டினால் போகச் சொல்லலாம். "கொம்மா என்னைக் கேட்டவவோ?" என்று மட்டும் கேட்கிறது. அம்மா, நீங்கள் கேட்டீர்கள் என்று நான் சொன்னால் போகாமல் நின்றுவிடுகிறது.

வியாழக்கிழமை திரும்பவும் கண்ணாடி போடுகிறார்கள். இந்த முறை செத்தவீட்டிலிருந்து வருவதுபோல ஒன்றும் சொல்லாமல் எழும்பி வரப் போகிறேன். அப்பாவிடம் அப்படி நடக்க மனம் வரவில்லை. ஆனாலும் செய்வேன்.

அம்மா, இனிப் போனில் அப்பா வந்தவரோ என்று என்னிடம் கேட்க வேண்டாம்.