படத்துக்காக ஒரு குடும்பம்

சந்திப்பு அறையில் ஒரு பாய், இரண்டு நாற்காலி, அட்டைப்பெட்டி நிறைய பொம்மைகள். காப்பகத்தில் வளரும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சனிக்கிழமைகளில் வந்து பார்ப்பது இங்கேதான். மலைக் கிராமங்களுக்குப் பஸ் கிடையாது. குழந்தைகள் நல அலுவலகத்தின் பழைய வேன்தான் அவர்களை அழைத்து வரும். அது மழைக்காலத்தில் படுத்தது, எழவேயில்லை.

அதனால்தான் அலுவலகத் தலைவியான மேடம் மானியத்துக்கு விண்ணப்பித்தார். புது வேன், டிரைவருக்குச் சம்பளம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகருக்குச் சம்பளம். கிடைக்காவிட்டால் டிரைவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தில் அண்ணனிடம் லாரி ஓட்டப் போய்விடுவார். இதைக் கேட்டதிலிருந்து ஆலோசகருக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் அவள் சொல்லவுமில்லை.

விண்ணப்பத்தோடு சந்திப்பு அறையின் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். ஆட்கள் இருக்கும் படமாக வேண்டுமாம். காப்பகத்துப் பிள்ளைகளின் முகத்தை வெளியே காட்டக்கூடாது என்பது விதி.

"அப்ப நம்ம வாலுதான் உக்காரணும்," என்றார் மேடம்.

வாலு டிரைவரின் ஆறு வயது மகள். தாய் இல்லாதவள். பள்ளி விட்டால் அலுவலகத்தில்தான் குதித்துக்கொண்டிருப்பாள்.

"டிரைவர் சார், நீங்க அப்பா. இவ அம்மா. ம், உக்காருங்க."

"நானா மேடம்?" என்றாள் ஆலோசகர்.

"பின்னே நானா? எனக்கு அந்த வயசெல்லாம் தாண்டிப் போச்சு."

டிரைவர் பாயின் ஓரத்தில், எந்நேரமும் எழுந்து ஓடுபவர் போல உட்கார்ந்தார்.

"கடன்காரனைப் பாத்த மாதிரி முழிக்காதீங்க. கிட்ட வாங்க. அவ ஒண்ணும் கடிச்சுட மாட்டா."

வாலுவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆலோசகரின் மடியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

மேடம் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார். "ஏய் வாலு, என்னைப் பெரிய அத்தைங்கறே. கணக்கு எழுதறவங்களைக் கணக்கு அத்தைங்கறே. இவளை மட்டும் ஏன் ஒண்ணுமே கூப்பிட மாட்டேங்கறே?"

"அப்பாதான் சொன்னாங்க. இவங்களை மட்டும் அத்தைன்னு கூப்பிடக் கூடாதாம்."

மேடம் சிரித்த சிரிப்பில் முதல் படம் ஆடிப்போனது. அத்தை என்றால் அப்பாவுக்குத் தங்கை அல்லவா! டிரைவர் ஒரு பொம்மைக் காரின் சக்கரத்தைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார். அவள் குழந்தையின் ரிப்பனைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது படம் நன்றாக வந்தது. அதன் கீழே மேடம் உள்ளதை உள்ளபடி எழுதினார். 'படத்தில் இருப்பவர்கள் எங்கள் ஊழியர்கள். குழந்தை ஊழியரின் மகள்.'

அத்தை விஷயத்தை அதன்பின் இருவரும் எடுக்கவில்லை. தினமும் ஆலோசகர் கிளம்பும்போது அவள் சைக்கிளில் காற்று மட்டும் திம்மென்று இருந்தது. வண்டி இல்லாத டிரைவர் வேறென்ன செய்வார்?

மானியம் தருகிறோம் என்று போன் வந்த அன்று கணக்கு அத்தை கைதட்டினார். மேடம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வேன் உண்டு. ஆனா ஒரு சிக்கல். படத்தைப் பாத்துட்டு உங்களைப் புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சுட்டாங்க. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்குச் சம்பளம் தர மாட்டாங்களாம். எங்களுக்குள்ள உறவு இல்ல, கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமும் இல்லன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

போட்டால் அவர் இங்கேயே இருப்பார், தினமும் பார்க்கலாம், அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆலோசகர் முதலில் கையெழுத்திட்டாள். தாளை டிரைவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"என்ன சார், எழுத்துக் கூட்டிப் படிக்கறீங்களா?" என்றார் மேடம்.

"உறவு இல்லங்கறது சரிதான் மேடம். எண்ணம் இல்லங்கறதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது." பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "எனக்கு இருக்கு. உங்களுக்கு இல்லன்னா தப்பில்ல. நான் அண்ணன்கிட்டயே போயிடறேன், வேனுக்கு வேற ஆளைப் போட்டுக்கட்டும். பொய் எழுதிக் குடுத்துட்டு இங்க இருக்க மாட்டேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தன் கையெழுத்தின்மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

"நான் போட்டதும் பொய்தான். நீங்க போயிடுவீங்களேன்னு போட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா இருக்கு போங்க. கல்யாணம் நிச்சயமாச்சு, ஒரு சம்பளம் போச்சு."

"இவர் சம்பளம் மானியத்துல இருக்கட்டும் மேடம். வண்டி ஓடினாத்தானே பிள்ளைங்களைப் பெத்தவங்க வந்து பாக்க முடியும்? என்னோடதை ஆபீஸ் பொது நிதிக்கு மாத்திடுங்க."

"அதுல பாதிதான்டி வரும்."

"வரட்டும்."

புது வேன் ஓடிய முதல் சனிக்கிழமை, மழைக்காலத்திலிருந்து மகனைப் பார்க்காத ஒரு தகப்பன் வந்து இறங்கினார். அந்தப் பையன் அவரை நேராகப் பார்க்காமல் பொம்மைப் பெட்டியை மட்டும் இழுத்து வந்து முன்னால் வைத்தான். அவர் ஒரு குதிரையை எடுத்தார். அது நொண்டிக் குதிரை. சற்று நேரத்தில் இருவரும் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலோசகர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வாலு வந்து மடியில் ஏறினாள்.

"இப்ப யாரும் போட்டோ எடுக்கலையே வாலு?"

"எடுத்தாத்தான் உக்காரணுமா?"

"இல்லம்மா. எப்ப வேணா உக்காரலாம்." வேனைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள். "சரி, இனிமே என்னை என்னன்னு கூப்பிடப் போறே?"

"அப்பா, உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடுன்னாங்க. யோசிச்சுட்டு இருக்கேன்." குழந்தை அவள் கையை இழுத்துத் தன் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். "அதுவரைக்கும் நகராதீங்க."

அவள் நகரவில்லை.