ஹெலிகாப்டரிலிருந்து பார்த்த ஆறு

மகன் கிரிஷ் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2007 பொங்கலுக்கு வந்தவன், "நான் இருக்கிற ஊர்ப்பக்கம்தாம்மா, ஹெலிகாப்டர்ல போய் எடுத்தது" என்று ஒரு டிவிடியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஆடி பிறந்தும் சங்கரி அதைப் பார்த்தபாடில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று கணவர் லட்சுமணன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் மதியம் அவளே எடுத்துப் போட்டாள்.

படத்தில் பேச்சே கிடையாது. வெறும் இசை. கீழே ரைன் ஆறு வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள், சீவி விட்ட தலைபோல வரிவரியாக. எந்த ஊர் என்றுகூட எழுதிக் காட்டவில்லை. கிரிஷ் இருக்கும் வீடு எதுவாயிருக்கும் என்று ஒவ்வொரு கூரையாகத் தேடினாள்.

நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த லட்சுமணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இப்ப கரி ஏத்தின படகு ஒண்ணு வரும். பின்னாடி கொடியில துணி காயும்."

வளைவு திரும்பியது. படகு வந்தது. பின்பக்கம் கொடியில் நாலைந்து துணிகள் ஆடின.

"இதை முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"நானா? இல்லையே." தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

சங்கரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பாஸ்போர்ட் எடுத்ததில்லை. சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேச மாட்டார். பேசுகிற அந்த ஒன்றிரண்டிலும் பொய் இருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் நூலகத்துக்குப் போவது அவர் வழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமையும் துணிப்பையோடு கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டியதும் டிவிடி உறையைத் திறந்து பார்த்தாள். காலி.

புடவையை மாற்றிக்கொண்டு நூலகத்துக்கே போனாள். நூலகர் ராஜேந்திரன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாரையா தேடறீங்க? அவர் இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசம் இருக்குமேம்மா."

வாரம் இரண்டு நாள், ஆறு மாதம். எங்கே போகிறார்? படத்தை யாருக்குக் காட்டுகிறார்? புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் குழம்பிப்போய் நின்றவளை மீன்கூடைக்காரி செங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இங்க நிக்கிற? ஐயா அங்க வந்துகீறாரு, நீ போவல?"

"எங்க?"

"சதுரங்கப்பட்டினத்துல, ஜெபகுமார் சார் வூட்டுல. செவ்வா, வெள்ளி வந்துனுதான் கீறாரு. டிவி ஓடிக்கினே கீது. பாவம், அந்த சாருக்கு சக்கரையில ரெண்டு கண்ணும் பூட்ச்சே, உனக்குத் தெரியாது?"

தெரியாது. ஜெபகுமார் கணவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். பத்து வருடத்துக்கு முன் சங்கரியின் மகள் சாருலதாவுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டில் சொன்னது ஜெபகுமார்தான் என்று சங்கரிக்குத் தகவல் வந்தது. "இனிமே அந்த வீட்டு வாசப்படியை நீங்களும் மிதிக்கக்கூடாது" என்றாள். சாருலதா வேறு இடத்தில் நன்றாக வாழ்ந்தும் அந்தப் பேச்சை அவள் மாற்றவில்லை.

ஆட்டோ பிடித்துப் போனாள். டச்சுக் கோட்டைச் சுவர் தாண்டி இரண்டாவது தெரு. ஜன்னல் திறந்திருந்தது. கணவரின் குரல் வாசல் வரை கேட்டது.

"கரையில ஒரு பொம்பள துணி தொவைக்கிறா. தலையைத் தூக்கி நம்மளைப் பாக்குறா. பக்கத்துல ஒரு நாய், அவ சோப்பைத் தூக்கிட்டு ஓடுது..."

"டேய், போன வாரம் நாய் இல்லையே!" ஜெபகுமார் சிரித்தார்.

சங்கரி ஜன்னல் வழியே டிவியைப் பார்த்தாள். கரையில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. பெண்ணும் இல்லை, நாயும் இல்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

லட்சுமணன் திரும்பினார். பேச்சு நின்றது.

"சங்கரி வந்திருக்கா" என்றார், நண்பரிடம்.

"சொன்னா விட்டிருக்க மாட்டே" என்றார், இவளிடம்.

சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஆனால் எதற்கு என்று இப்போது பிடிபடவில்லை. பொய் சொன்னதற்கா, இங்கே வந்ததற்கா, இத்தனை பேச்சையும் இங்கே கொண்டுவந்து கொட்டுவதற்கா?

"உள்ள வாம்மா" என்றார் ஜெபகுமார். முகம் கதவைத் தாண்டி வேறு எங்கோ பார்த்தது. "சாரு விஷயத்தை நான் சொல்லலைம்மா. சத்தியமா சொல்லல. யாரு சொன்னாங்கன்னும் தெரியாது."

அதை நம்புவதா வேண்டாமா? நம்பினால் பத்து வருடக் கோபம் என்ன ஆவது? கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் சம்சாரம் ஸ்கூல்லேருந்து வர அஞ்சாகும். நான் டீ போடறேன்" என்று லட்சுமணன் அடுக்களைக்குப் போனார், தம் வீட்டில் ஒருநாளும் டீ போடாதவர். அங்கே டப்பா திறக்கும் சத்தம் உடனே கேட்டது.

சங்கரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப என்னம்மா தெரியுது?"

அவள் டிவியையே பார்த்தாள். "தண்ணி போகுது."

"எந்தப் பக்கம்?"

கூர்ந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து ஆறு அசையாமல் கிடப்பதுபோல இருந்தது. "தெரியலைண்ணா" என்றாள். அந்த 'அண்ணா' அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

"சரி, தெரியறதைச் சொல்லு."

"ஒரு மாதாகோவில். கூர்க் கோபுரம். பக்கத்துல ஒரு வீடு, மாடியில ஜன்னல் திறந்திருக்கு."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை. சங்கரி சற்று யோசித்தாள்.

"ஒருத்தர் இருக்காரு" என்றாள்.