துணிச்சுவர்

அந்தத் தெருவில் சலவைக்கார அக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் உலர்த்திக் கொடுப்பது அவள் தொழில். முற்றத்துக்குக் கிழக்கே சும்மா கிடந்த மனையில் நான்கு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெயில் போனால் பிழைப்பு போச்சு. கோபம் வராதா, பின்னே?

அவளிடம் இஸ்திரி போடும் தங்கைக்கோ வேறு கவலை. ஊருக்கு வெளியே வாடகை வீடு. இரண்டு பஸ் மாறி வந்துபோவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவள் வீட்டில் இருந்ததே அபூர்வம். அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் பேர் கொடுத்திருந்தாள். மூன்றாவது மாடியில் ஒன்று கிடைக்கும் என்றார்கள். ஆனால் தெருக்காரர்கள் ஒத்துக்கொண்டால்தான் வேலையே தொடங்கும். இதை அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது? மூச்சே விடவில்லை.

கட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தார் உயரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, மனையின் மூலைகளில் கம்பங்கள் நட்டு மாடிக்கு ஒரு கயிறு கட்டிவைப்பது அந்த நகரத்து வழக்கம். கயிற்றைக் கண்டால் அக்காவின் கை சும்மா இருக்குமா? கிழிந்து ஒதுக்கிய விரிப்புகளையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுபோய், ஆட்களை ஏற்றி, முற்றத்துப் பக்கக் கயிறுகள் முழுக்கக் கிளிப் போட்டு மாட்டவைத்தாள். காலை வெயிலில் பெரிய துணிச்சுவர் எழுந்து நின்றது. முற்றம் இருண்டது. தெருவே கூடி உச்சுக்கொட்டியது. தெருவின் சம்மதம் கேட்கும் சாயங்காலக் கூட்டத்தில் அக்கா சொல்வதுதான் எல்லோருடைய பேச்சும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

போனபிறகுதான் அது நடந்தது. நிழல் மெல்ல மெல்லச் சுருங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சுவரோரம் ஒண்டிக்கொண்டது. முற்றம் முழுக்க வெயில், கண் கூசும் வெயில். அதைப் பார்த்தவர்கள் அக்காவும் தங்கையும் மட்டுமே. அக்கா இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தபடியே நின்றாள். தங்கையால் நிமிர்ந்து மூன்றாவது கயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம், குடியிருப்பைக் கட்டப்போகும் இன்ஜினியர் அம்மா பேசி முடித்ததும் கூட்டம் அக்கா பக்கம் திரும்பியது. முற்றம் இருட்டிவிட்டதுதானே என்று மளிகைக்கடைக்காரர் எடுத்தும் கொடுத்தார். ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

“காலையில இருட்டுதான்,” என்றாள் அக்கா. “ஆனா மதியத்துக்கு மேல நல்லா வெயில் வருது. நான் பாத்தேன். பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

மளிகைக்கடைக்காரர் முகம் தொங்கிப்போனது. அரை நாள் வெயில் போவது நஷ்டம்தான், யார் இல்லையென்றது? அக்கா மேல்மாடியை மட்டும் முற்றத்துப் பக்கம் கொஞ்சம் உள்தள்ளிக் கட்டச் சொன்னாள். இன்ஜினியர் அம்மா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். கைக்கு வந்த ஜெயத்தை இப்படி எழுந்து நின்று விட்டுக்கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்! தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது அக்கா வேலைப் பேச்சு பேசிக்கொண்டே வந்தாள். ராத்திரி துவைத்துக் காலையில் காயப்போடுவது இனி சரிப்படாது. விடிந்ததும் துவைத்து மதியம் காயப்போட வேண்டும். அதற்கு விடியும்போதே ஆள் வேண்டும்.

“ரெண்டு பஸ் மாறி நீ எப்ப வந்து சேர்றது? பக்கத்துலேயே குடிவந்துடு,” என்றாள். “நான் தரையைத்தான் பாத்துட்டிருந்தேன்னு நினைச்சியா? நீ மூணாவது கயிறையே பாத்துட்டு நின்னியே. என்கிட்ட சொல்றதுக்கு என்னடி பயம்?”

தங்கை நடுத்தெருவில் நின்று அழுதேவிட்டாள்.