சீல் வைக்கப்பட்ட குரல்

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரல் ஒன்றரை வருடம் நகராட்சிக் கிடங்கில், ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்துக்குள் பூட்டிக் கிடந்தது. நடந்தது சின்னத் தவறுதான். கண் தெரியாதவர்கள் தாங்களே வாக்களிக்க வசதியாக அந்த வருடம் புது இயந்திரம் வந்திருந்தது. பொத்தான்களின் ஓரத்தில் விரலால் தடவிப் படிக்கப் புள்ளி எழுத்துகள் இருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் எந்தப் பொத்தான் யாருக்கு என்று ஒரு குரல் சொல்ல வேண்டும். இரைச்சலுக்கு நடுவிலும் புரியும்படி பேசுகிறவர் ஊரில் ஒருவர்தான் என்பதால், அறிவிப்பாளரைக் கிடங்குக்கு வரவழைத்துப் பேச வைத்தார்கள். அவர் வேட்பாளர் பெயர்களையெல்லாம் வாசித்து முடித்து, "நன்றி" என்ற ஒரு சொல் மட்டும் பாக்கியிருந்த நேரத்தில், கட்சி ஏஜெண்டுகள் பசிக்கிறது என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மெக்கானிக் பதறிப்போய்ப் பதிவை நிறுத்தாமலே மூடியைச் சாத்தி, நூல் கட்டி, அரக்கை ஊற்றிவிட்டார். ஏஜெண்டுகள் சீல் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். "நான் இன்னும் முடிக்கலையே" என்று சொல்ல அறிவிப்பாளர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அவருடைய கணவர் தையல்காரர். கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே தேர்தல் அலுவலரைப் பார்க்க ஓடினார். அந்த அலுவலர் அம்மாளுக்குச் சாவியம்மா என்று பெயர். கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில், மற்றது இன்ஸ்பெக்டரிடம். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் எலி விரட்டக்கூட உள்ளே போக முடியாது.

"மேடம், அதுக்குள்ள என் வீட்டுக்காரி குரல் இருக்கு."

"இருக்கட்டும், சார். இந்த ஊர்லயே அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது."

"பத்திரமா வெச்சு என்ன பண்றது? வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல."

சாவியம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் சீல் தாளில் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளின் கையெழுத்தும் இருந்தது. இன்றைக்கு உடைத்துவிட்டு, ஒரு குரலுக்காகத்தான் உடைத்தோம் என்றால் நாளைக்கு யார் நம்புவார்கள்? வாக்கு எண்ணிக்கை முடியட்டும் என்றார்.

வாக்குப்பதிவு அன்று காலையில் ஏஜெண்டுகள் ஒத்திகையாக ஆளுக்குச் சில பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பெட்டிக்குள் விழுந்த அச்சுச் சீட்டுகளையும் இயந்திரம் சொன்ன கணக்கையும் ஒப்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, சுத்தமாகத் தொடங்கினார்கள். ரேடியோ ரிப்பேர் செய்கிற, கண் தெரியாத ஒருவர் வந்தார். அவரை ஊரே ரேடியோ என்றுதான் கூப்பிடும். அதுவரை தேர்தலுக்குத் தேர்தல் அவருக்காகப் பொத்தானை அமுக்கியவர் தங்கை கணவர். "நீங்க சொன்ன சின்னத்துலதான் அமுக்கினேன், மச்சான்" என்பார். "அப்புறம் ஏன் மாப்ள சிரிக்கிறே?" என்று ரேடியோ கேட்பார். இந்த முறை மாப்பிள்ளையை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். ஹெட்போனில் பேருந்து நிலையக் குரல், அவருக்கு மட்டும் கேட்கும்படி பெயர்களைச் சொன்னது. வெளியே வந்தவரிடம் மாப்பிள்ளை, "யாருக்கு மச்சான்?" என்றார். ரேடியோ சிரித்தார்.

எண்ணிக்கை முடிந்தது, ஆனால் தோற்றவர் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை இயந்திரங்களை யாரும் தொடக்கூடாது என்றது நீதிமன்றம். இதற்குள் பேருந்து நிலையம் சீர்கெட்டுப் போயிருந்தது. தற்காலிகமாக ஒருவரைப் போட்டார்கள், அவர் குரலுக்கு எந்த பஸ்ஸும் ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மெதுவாகக் கிளம்பும், மேடு வந்தால் நின்றுவிடும். நிலைய மேலாளர், குரல் திரும்பாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கடைசியில் வழக்கு தள்ளுபடியானது. இரண்டு சாவிகளும் வந்தன. எல்லா ஏஜெண்டுகளும் பார்த்துக்கொண்டிருக்க மெக்கானிக் அரக்கை உடைத்தார். மூடி திறந்ததும் இயந்திரம் "நன்றி" என்றது. அறிவிப்பாளர் இருமினார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் இயந்திரம் ஊமையாகிவிட்டது. அடுத்த தேர்தலுக்கு முன் வேறு குரல்களைப் பதிவு செய்து, முறையாக நிறுத்தி, மூடிப் பார்த்தார்கள். ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. குரல் முழுசாக உள்ளே போனால்தான் அது பேசும் என்று தெரிந்தது, ஆனால் முழுசாகக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அறிவிப்பாளரும் இருந்த நேரமாகப் பார்த்து ரேடியோ தையல் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வெட்டுத்துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"கேக்க எனக்கு வாய் வரல, தங்கச்சி. மறுபடி மாப்ளதான் அமுக்குவான். அவ்வளவுதான், பரவாயில்ல."

"அவ குரலை மறுபடியும் அடமானம் வைக்கணுமா?" என்று தையல்காரர் எழுந்தார்.

"நீங்க சும்மா இருங்க. அண்ணன் சிரிச்சதை நீங்க பாக்கல, நான் மெஷினுக்குள்ளேர்ந்து கேட்டேன்" என்றார் அறிவிப்பாளர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். எண்ணிக்கை முடிந்த அன்றே, வழக்கு வந்தாலும் வராவிட்டாலும், இயந்திரத்தில் குரல் இருக்கிற சிற்றறையை மட்டும் எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும். சாவியம்மா மேலிடத்துக்கு எழுதி அதற்கென்று தனி மூடியும் தனி சீலும் வாங்கினார்.

அதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் குரல் போய் வருகிறது. உள்ளே இருக்கும்போது யார் எதை அமுக்கினார்கள் என்பது அதற்குத் தெரியாமல் இருக்க முடியாது என்று ஏஜெண்டுகள் கணக்குப் போட்டார்கள். இனிப்போடு வந்து விசாரித்தார்கள். அறிவிப்பாளர் இனிப்பை வாங்கிக்கொண்டு, சொல்லலாமா என்று தானும் ஆவலாக வாயைத் திறந்தார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சத்தம் வரவில்லை. "இன்னொரு தடவை ஸ்வீட் பாக்ஸோட வாங்க" என்பது தெளிவாக வந்தது. தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடி, "என்கிட்டயாவது சொல்லேன்" என்று கேட்டபோதும் அப்படித்தான்.

பேருந்து நிலையத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: தேர்தல் வாரத்தில் அறிவிப்பு இராது, பயணிகள் பெயர்ப்பலகை பார்த்து ஏறவும். வாக்குப்பதிவு நாளில் அறிவிப்பாளர் கரும்பலகையில் எழுதிவிட்டு, அறிவிப்புக் கூண்டை விட்டு இறங்கி, ரேடியோவின் கையைப் பிடித்து வாக்குச்சாவடி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ரேடியோ படியில் நின்று அவர் பக்கம் திரும்பி, "இருங்க தங்கச்சி, போய் உங்களைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்பார். பஸ் மெதுவாகக் கிளம்பும்.