நாகமரத்து உலக்கை

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நின்ற எட்டாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் ஒரு நாகமரம் நின்றது. அது இலை உதிர்த்து மொட்டையாக நின்றதை யாரும் பார்த்ததில்லை. தளிர் விட்டால் மரம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருக்கும். பூத்தால் அந்த வெள்ளைப் பூவின் வாசம், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களம் வரைக்கும் வரும். அந்த லயத்து மீனம்மா அதைத்தான் தலையில் வைப்பாள். அவள் அம்மா காளியாயி அதன் கொட்டையில் எண்ணெய் எடுத்து மூட்டுவலிக்குத் தேய்ப்பாள். மரத்தின் மேல் கத்தி வைக்கத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அத்தனை வைரம்.

காளியாயி லேசுப்பட்டவள் அல்ல. அந்தக் கார்த்திகையில் அழகன் பெண் கேட்டு வந்தபோது, மகளை லிந்துலையில் இருக்கும் தன் தம்பி மகனுக்குக் கொடுப்பதென்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தாள். ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வாளா?

"நாகமரத்துல ஒரு ஒலக்க செஞ்சு கொண்டாங்க தம்பி. தைப்பொங்கலுக்குள்ள வந்துச்சுன்னா பேசுவோம். வரலன்னா லிந்துலைக்குச் சொல்லி விட்டுருவேன்."

அழகன் தோட்டத்திலேயே கெட்டிக்காரக் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் சீவுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு மரமா என்று தோன்றியது. கூரையில் இடித்த கிளையை வெட்ட, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியோடு ஏறினான். மூன்றாவது வெட்டில் கத்தியின் வாய் பல் பல்லாகப் போயிற்று. கிளையில் ஒரு கீறல், அவ்வளவுதான். லயமே கூடி நின்று சிரித்தது. மீனம்மாவும் சிரித்தாள், அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த நஸாரிடம் கோடாலி வாங்கினான். நாலாம் நாள் மழுங்கிய கோடாலியோடு திரும்பி வந்து நின்றான்.

"நாகமரமா? வெட்டுங்க, வெட்டுங்க. இன்னும் நாலு பேரு வெட்டினா நான் கடைக்கு மாடி கட்டிருவேன்," என்றார் நஸார். பிறகு மனம் இரங்கி, "பச்சையா இருக்கப்பவே செதுக்கிருங்க. காஞ்சிச்சுன்னா ஆணிகூட எறங்காது," என்று சொல்லி அனுப்பினார்.

கிளை விழ ஒன்பது நாளாயிற்று. மார்கழி பூராவும் வேலை விட்டு வந்து செதுக்கினான். கண்ணாடிச் சில்லால் வழித்து வழித்து உள்ளங்கையெல்லாம் கொப்புளம். முடியாமலே போய்விடுமோ என்ற பயத்தில் சில சமயம் அழுகையே வந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் உலக்கையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். காளியாயி தூக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை.

"இடிச்சுப் பாத்துதானே சொல்லணும்," என்று ஊறவைத்த அரிசியை உரலில் கொட்டி, ஆத்திரத்தோடு ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பலாக்கட்டை உரல் மேலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்தது. அரிசி வாசலெங்கும் சிதறியது.

காளியாயிதான் முதலில் சுதாரித்தாள்.

"ஒலக்க சரிதான். அதுக்குத் தோதா நாகமரத்துலயே ஒரு ஒரலும் செஞ்சு கொண்டாங்க தம்பி. பொறவு பேசுவோம்."

அழகன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

அதுவரை கதவோரம் நின்ற மீனம்மா, அம்மா கையிலிருந்த உலக்கையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"ஒரல் வர்றதுக்குள்ள எனக்குத் தல நரைச்சிரும்மா," என்றாள். "அவுங்க வீட்டுல இருக்கது கல்லொரல். அது தாங்கும்."

அவள் படியிறங்கி நடக்க, அழகன் பின்னால் ஓடினான்.